பிடியும் நிமிர்வும்: பால்ரூமும் லத்தீனும் பிரியும் இடம்

ஜோடி நடனப் போட்டியில் எடுத்த ஒரு புகைப்படத்தில் கால்களையும் உடைகளையும் மறைத்துவிட்டு, தலையிலிருந்து இடுப்பு வரை மட்டும் காட்டுங்கள். ஆடிப் பழகியவர் அது வால்ட்ஸா ரம்பாவா என்று உடனே சொல்லிவிடுவார். இருவர் உடலும் ஒட்டியிருக்கிறதா, நடுவில் காற்று போக இடமிருக்கிறதா, முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது, பெண்ணின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். கால் என்ன செய்கிறது என்பதைக்கூட மேலுடம்பை வைத்தே ஊகித்துவிடலாம்.

சர்வதேசப் போட்டிகளில் இந்த ஜோடி நடனங்கள் மொத்தம் பத்து. ஸ்டாண்டர்ட் பிரிவில் வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்டிராட், குயிக்ஸ்டெப் என ஐந்து. பேச்சுவழக்கில் பால்ரூம் என்று சொல்வது இந்த ஐந்தையும்தான். லத்தீன் பிரிவில் சாம்பா, சா-சா-சா, ரம்பா, பாசோ டோப்ளே, ஜைவ். இந்தப் பட்டியலைப் பார்த்து எல்லாம் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்விங் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. பாசோ டோப்ளே ஸ்பெயினின் காளைச்சண்டை இசைக்கு பிரான்சில் வடிவம் பெற்றது. அதனால்தான் அதன் அடவுகள் பலவற்றுக்கு இன்றும் பிரெஞ்சுப் பெயர். இந்தப் பாசோவே பிறகு நம் வகைப்பாட்டைக் கொஞ்சம் கலைக்கப் போகிறது.

இரண்டு பிரிவுக்கும் பிடி ஏன் வேறுபடுகிறது? கவர்ச்சி, நாகரிகம், ஐரோப்பிய அடக்கம், லத்தீன் உற்சாகம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஜோடி தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்டாண்டர்ட் நடனங்கள் பயணம் செய்பவை. அரங்கின் விளிம்பை ஒட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், எல்லா ஜோடிகளும் ஒரே போக்கில் சுற்றி வருகின்றன. ஒருவர் முன்னோக்கி நீளமாக அடி வைக்கிறார். மற்றவர் அதே நீளத்துக்குப் பின்னோக்கிப் போகிறார். பின்னால் போகிறவருக்குத் தன் முதுகுப் பக்கம் இருக்கும் ஜோடி தெரியாது. அடுத்து வளைவா, நேரா, நிறுத்தமா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. பீரோவைத் தூக்கிக்கொண்டு இருவர் மாடிப்படி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கமாக இறங்குகிறவர் முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதில்லை. பீரோ எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதை உள்ளங்கையில் உணர்ந்து அதற்கேற்பக் காலை வைக்கிறார். பீரோ வளைந்து கொடுக்கிற பொருளாக இருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. ஸ்டாண்டர்டில் இருவரின் மேலுடம்பும் கைகளும் சேர்ந்து உருவாக்கும் அமைப்புக்கு அந்த வேலைதான். ஆடுகிறவர்கள் இதை பிரேம் என்பார்கள்.

இந்தப் பிடியை மெதுவாகக் கட்டிப் பார்ப்போம். மரபுப்படி ஆண், பெண் என்றே எழுதுகிறேன். இன்று பல பள்ளிகளில் லீடர், ஃபாலோயர் என்றே சொல்கிறார்கள், யாரும் எந்தப் பங்கையும் ஆடலாம். ஆணின் இடக்கை பெண்ணின் வலக்கையைப் பற்றுகிறது, ஏறக்குறைய இருவரில் குள்ளமானவரின் கண் மட்டத்தில். ஆணின் வலக்கை, விரல்கள் சேர்ந்தபடி, பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் அமர்கிறது. பெண்ணின் இடக்கை ஆணின் வலது மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே மெல்லப் படிகிறது. அவளுடைய இடது கை அவனுடைய வலது கையின் மேல் படுத்திருக்கிறது. ஐந்தாவது தொடுபுள்ளிதான் முக்கியம்: இருவரின் வலப்பக்க விலாவும் மேல்வயிறும் ஒன்றையொன்று தொடுகின்றன. கை சொல்வதற்கு முன்பே உடல் சொல்லிவிடும்.

இருவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெண் ஆணின் வலப்பக்கமாகச் சற்று விலகி நிற்கிறாள். பெண்ணுக்கும் அப்படியே ஆண் தன் வலப்பக்கத்தில் இருக்கிறான். இது அழகுக்காக வைத்த ஏற்பாடு இல்லை. நேராக நின்றால் முன்னே வரும் முழங்கால் எதிரே உள்ள முழங்காலில்தான் மோதும். விலகி நிற்பதால் ஒருவரின் வலது கால் மற்றவரின் இரு கால்களுக்கு நடுவில் இடம் பிடிக்கிறது. நீளமான அடி வைக்க வழி கிடைக்கிறது. முதல் மாதத்தில் காலை மிதித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் காலில் கோளாறு இல்லை, நின்ற இடத்தில்தான் கோளாறு.

தலை விஷயத்துக்கும் இதே கணக்கு. இருவரும் தத்தம் இடப்பக்கம் பார்க்கிறார்கள், அதாவது எதிராளியின் வலது தோளுக்கு மேலாக. தலை கனமான உறுப்பு. அது நடுவுக்கு வந்தால் இரண்டு தலைகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும், சுழற்சியில் ஜோடி தடுமாறும். இரண்டும் விலகியிருந்தால் சுழற்சிக்கு இரு முனையிலும் எடை கிடைக்கிறது. பெண்ணின் மேல்முதுகு பின்னாலும் இடப்பக்கமாகவும் நீள்கிறது. பார்ப்பதற்கு இடுப்பிலிருந்து மல்லாந்து சாய்வதுபோல் தெரியும். உண்மையில் இடுப்பு சாயக்கூடாது. நீட்சி முதுகெலும்பின் மேற்பகுதியில்தான் நடக்கிறது, எடை அவளுடைய சொந்தப் பாதத்தின் மேலேயே இருக்கிறது. இடுப்பிலிருந்து சாய்ந்துவிட்டால் ஆண் ஒரு மனிதரின் பாரத்தை வலக்கையில் தாங்க வேண்டியதுதான். இரண்டு பாட்டு முடிவதற்குள் முழங்கை தொங்கிவிடும்.

முழங்கை தொங்குவது ஸ்டாண்டர்டில் பொதுவான நோய். வலது முழங்கை கீழே இறங்கினால் பெண்ணின் இடப்பக்கம் முழுவதும் அதோடு இறங்கிவிடும். எதிர்த்தவறும் உண்டு: தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு கைகளை இறுக்குவது. கை உயர்ந்திருக்க வேண்டும், தோள் கீழே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முதுகுத் தசை வேலை செய்தாக வேண்டும். ஆசிரியர்கள் துணையில்லாமல் கைகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டுக்கு நடக்கச் சொல்வது அதற்காகத்தான். போட்டியில் ஒரு நடனம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வரை. ஐந்தையும் அடுத்தடுத்து ஆட வேண்டும். சும்மா நின்றபடி கையை அப்படி வைத்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு தவறு, வலக்கையால் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பது. ஒட்டியிருக்க வேண்டும் என்று சொன்னதை நல்ல பிள்ளையாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் ஒட்டுதல் இரண்டு உடல்களும் நிமிர்ந்து முன்னே வருவதால் கிடைக்க வேண்டியது. கையால் இழுத்தால் அவள் தன் சமநிலையை இழந்து அவன் மேல் விழுகிறாள், கால் வைக்க இடமும் போய்விடுகிறது.

இன்று நாம் காணும் அந்த விரிந்த மேல்வரி பழையது என்று எண்ண வேண்டாம். 1922இல் உலகப் பட்டம் வென்ற விக்டர் சில்வெஸ்டர் காலத்துப் படங்களைப் பார்த்தால் ஜோடிகள் ஏறக்குறைய நேராக நிற்கிறார்கள், தலைகள் அருகருகே இருக்கின்றன. அப்போது இங்கிலாந்தில் நடன ஆசிரியர்கள் கூடிப் பொது இலக்கணம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களின் இம்பீரியல் சங்கம் 1924இல் பால்ரூமுக்கென்று தனிக் கிளையே தொடங்கியது. அவர்கள் செய்த பெரிய மாற்றம் பாதத்தில். பாலேயிலிருந்து வந்த வெளித்திரும்பிய பாதத்தை விட்டுவிட்டு, தெருவில் நடப்பதுபோல் பாதங்களை இணையாக வைத்து, முன்னடியில் குதிகாலை முதலில் ஊன்றச் சொன்னார்கள். நடை இயல்பானதால் அடி நீண்டது, வேகம் கூடியது. பின்னர் போட்டிகள் பெரிய அரங்குகளுக்குப் போயின. பிளாக்பூல் நகரத்தின் வின்டர் கார்டன்ஸில் 1920இல் தொடங்கிய விழா இன்றும் எம்பிரஸ் பால்ரூமில் நடக்கிறது. அவ்வளவு பெரிய கூடத்தில் மாடத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமென்றால் உருவம் விரியத்தானே வேண்டும். பத்தாண்டுக்குப் பத்தாண்டு பெண்ணின் முதுகு இன்னும் நீண்டது, தலைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி இன்னும் அகன்றது. சில படங்களில் அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பதும் என் எண்ணம்.

உடையும் இதற்கேற்ப மாறியது. ஸ்டாண்டர்ட் ஆடும் ஆண்கள் அணியும் டெயில் கோட்டைத் தையல்காரர் கையைத் தொங்கவிட்டு அளந்து வெட்டுவதில்லை. கையைப் பிடிக்குரிய உயரத்தில் தூக்கிய நிலைக்கு ஏற்ப வெட்டுகிறார். அதனால் கை உயர்ந்திருக்கும்போது தோள் துணி எழும்பாமல் வழவழவென்று இருக்கும். கையை இறக்கினால்தான் கசங்கித் தெரியும்.

ஸ்டாண்டர்டுக்குள்ளேயே டேங்கோ தனிப்போக்கு. மற்ற நான்கில் உடல் எழுந்து தாழும் அசைவு ஏதோ ஓர் அளவில் உண்டு. டேங்கோவில் அது கிடையாது. முழங்கால் மடிந்தபடியே இருக்கும், எழுச்சி இல்லாமல் அடி நறுக்கென்று விழும். பிடியும் இறுகுகிறது. ஆணின் வலக்கை பெண்ணின் முதுகில் இன்னும் உள்ளே போகிறது. பெண்ணின் இடக்கை அவன் மேற்கையின் மேல் படியாமல், அக்குளை ஒட்டிக் கீழ்ப்பக்கமாக இடம் பிடிக்கிறது. அவள் இன்னும் வலப்பக்கமாக விலகி நிற்கிறாள். இதனால் இருவரும் ஒரே கட்டையாகிறார்கள். திடீரென்று நின்று திரும்பும் நடனத்துக்கு அந்த இறுக்கம் இல்லாவிட்டால் செய்தி பாதி வழியில் கரைந்துவிடும். புவனோஸ் ஐரிஸின் மூல டேங்கோ இதிலிருந்து மாறுபட்டது. அங்கே பிடி ஓர் அணைப்பு: பல ஜோடிகள் மார்போடு மார்பு சாய்ந்து, இடுப்புகளுக்கு நடுவில் இடம் விட்டு ஆடுவார்கள், தலைகள் ஒட்டியிருக்கும். ஆங்கிலேயர்கள் அதை எடுத்துத் தங்கள் பயணப் பிடிக்குள் பொருத்தினார்கள். டேங்கோ ஏன் லத்தீன் பிரிவில் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை: வந்த ஊரைப் பார்க்காமல் ஆடும் முறையைப் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

இனி லத்தீன். ரம்பாவும் சா-சா-சாவும் அதிக தூரம் போவதில்லை. ஜோடி ஒரே இடத்தைச் சுற்றி ஆடுகிறது. கியூபாவின் நெரிசலான ஆட்டக் கூடங்களில் பிறந்த ஆட்டங்களுக்குப் பயணம் செய்ய இடம் எங்கே? லண்டனில் நடனம் கற்பித்த பியர், அவருடைய துணை டோரிஸ் லாவெல் இருவரும் 1947இல் ஹவானாவுக்குப் போய் அங்கே மக்கள் ஆடுவதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அங்கே இசையின் இரண்டாம் தட்டில் அடி விழுந்தது; இங்கிலாந்தில் அப்போது வழக்கிலிருந்த சதுர ரம்பாவை ஆடியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. கடைசியில் கியூப முறையே நிலைத்தது. பிறகு வால்டர் லேர்டு 1961இல் எழுதிய நூல் லத்தீன் நுட்பத்துக்கு அடிப்படை நூலானது.

இந்த ஆட்டத்தில் பெண் ஆணின் முன்னே நின்று, விலகி, அவன் கையின் கீழ் சுழன்று, பக்கத்துக்குப் போய் விசிறிபோல் விரிந்து, திரும்ப வருகிறாள். ஒட்டிய உடலோடு இதில் ஒன்றையும் செய்ய முடியாது. ஆகவே மூடிய பிடியில்கூட உடல்களுக்கு நடுவில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. கைகள் வைக்கும் இடம் மேலோட்டமாக ஸ்டாண்டர்டைப் போலவே தெரியும்: வலக்கை தோள்பட்டை எலும்பில், அவள் இடக்கை அவன் தோளில். ஆனால் இரு உருவமும் தத்தம் அச்சில் நிமிர்ந்து நிற்கிறது, பெண் பின்னால் நீள்வதில்லை, முகங்கள் ஒன்றையொன்று பார்க்கலாம். பல வேளைகளில் இந்தப் பிடியும் போய் ஒரே ஒரு கை மட்டும் மிஞ்சும். வலதோடு இடது, வலதோடு வலது, இரு கை, குறுக்குக் கை, கையே இல்லாத நிலை என்று ஒரே பாட்டுக்குள் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் செய்தி எதன் வழியாகப் போகிறது? கையின் வழியாக. ஆனால் கையில் தொடங்குவதில்லை. ஆணின் உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது, முதுகு, தோள், முழங்கை, உள்ளங்கை வழியாக அழுத்தமோ இழுப்போ பெண்ணை அடைகிறது. அதை உணர அவள் கையிலும் அளவான எதிர்ப்பு இருக்க வேண்டும். இதை டோன் என்பார்கள். கை துவண்டிருந்தால் அவன் முன்னே வருவது அவளுக்குத் தெரியவே தெரியாது, முழங்கை மடங்கிப் பின்னால் போகும், அவ்வளவுதான். விறைத்திருந்தால் சிறு தள்ளலே அவளை நிலைகுலைய வைக்கும். ஸ்டாண்டர்டில் ஐந்து இடங்களில் பரவியிருந்த பேச்சு இங்கே ஒரு கைக்குள் அடங்கிவிடுவதால், அந்தக் கை எவ்வளவு சொல்லலாம் என்பதில் நுணுக்கம் கூடுகிறது.

கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. லத்தீனில் கையைக் கட்டைவிரலால் பூட்டக்கூடாது. அலெமானா என்ற அடவில் பெண் ஆணின் உயர்ந்த கையின் கீழ் முழுச் சுற்று சுழல்கிறாள். அந்த நேரத்தில் அவள் விரல்கள் அவன் விரல்களுக்குள் வழுக்கித் திரும்ப வேண்டும். பூட்டியிருந்தால் மணிக்கட்டு முறுகும். சின்ன விஷயம்தான், ஆனால் வகுப்பில் கை வலிக்கு முதல் காரணம் இதுதான்.

லத்தீன் நிமிர்வைப் பற்றி நம் ஊரில் பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. இடுப்பை ஆட்டுவதுதான் லத்தீன் என்று நினைக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் இடுப்பை ஆட்டுவதே இல்லை. அது ஆடும்படி காலை வைக்கிறார். பாதம் சற்று வெளித்திரும்பி, முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, எடை முழுக்க இறங்கும்போது அந்தக் கால் நேராகிறது. நேரான காலின் மேல் இடுப்பு பக்கவாட்டில் சென்று அமர்கிறது. மறு கால் தளர்ந்திருக்கிறது. ரம்பாவில் 2, 3, 4 ஆகிய தட்டுகளில் அடி வைத்து, அடுத்த 1இல் இடுப்பு அமர்வதைக் கவனித்தால் அந்த மெதுவான ததும்பல் எங்கிருந்து வருகிறது என்று புரியும். இத்தனை அசைவுக்கும் மேலே தோள்கள் மட்டமாக இருக்கின்றன, விலா மேலே தூக்கியிருக்கிறது, எடை முன்பாதத்தின் பக்கம். தோளும் சேர்ந்து ஆடினால் இடுப்பின் அசைவு கண்ணுக்குத் தெரியாமல் கலங்கிவிடும்.

மீதி மூன்று லத்தீன் நடனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாம்பா பிரேசிலுடையது. அது லத்தீனாக இருந்தும் அரங்கைச் சுற்றிப் பயணிக்கிறது. முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து எழுப்பும் துள்ளல்தான் அதன் உயிர், ஆகவே பிடி மூடியிருந்தாலும் உடல்களுக்கு இடையே துள்ள இடம் வேண்டும். ஜைவில் பெரும்பாலும் ஒரு கைப் பிடிதான், இடுப்பு உயரத்தில். பெரம்பூரிலும் பொன்மலையிலும் ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்கள் இன்ஸ்டிட்யூட் விருந்துகளில் வால்ட்ஸும் ஜைவும் ஒரே மாலையில் ஆடியவர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பிடியை மாற்றுவது அவர்களுக்குப் பழக்கத்தில் வந்தது, பாடமாக வரவில்லை.

பாசோ டோப்ளே வேறு கதை. ஆண் காளைச்சண்டை வீரர், பெண் பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் துணி. துணியை வீசிச் சுழற்ற வேண்டுமானால் அது அருகில் இருந்தாக வேண்டும். எனவே மூடிய பிடியில் ஜோடி ஏறக்குறைய ஒட்டி நிற்கிறது, கைகள் மற்ற லத்தீன் நடனங்களைவிட உயர்ந்து வளைகின்றன. மார்பு எழுந்து, இடுப்பு சற்று முன்னே தள்ளி நிற்கிறது. ரம்பாவின் இடுப்பு ததும்பல் கிடையவே கிடையாது, முன்னடியில் சில இடங்களில் குதிகால்கூட முதலில் விழும். நிமிர்வை மட்டும் பார்த்தால் இது லத்தீனைவிட டேங்கோவுக்குத்தான் நெருங்கிய உறவு. பட்டியல் போட்டவர்கள் லத்தீனில் வைத்துவிட்டார்கள், அங்கேயே இருக்கிறது.

காலணியும் இரண்டு பிரிவுக்கும் வேறு. ஸ்டாண்டர்டில் பெண்களுக்கு மூடிய ஷூ, குதிகாலை ஊன்றி நடக்க வேண்டும் என்பதால். லத்தீனில் விரல் திறந்த சாண்டல், இன்னும் கொஞ்சம் உயரமான குதி. ஆண்களுக்கும் ஸ்டாண்டர்ட் ஷூவைவிட உயர்ந்த கியூபன் ஹீல், அது எடையை முன்பாதத்துக்குத் தள்ளும். இரண்டிலும் அடியில் ஸ்வேட் தோல், வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். வெளியே தெருவில் போட்டு நடந்தால் அந்தத் தோல் பாழாகிவிடும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

ஒரு பிரிவிலிருந்து மற்றதற்குப் போகிறவர்கள் எங்கே இடறுவார்கள் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். லத்தீன் ஆடியவர் வால்ட்ஸுக்கு வந்தால் துணையின் முகத்தைத் தேடுவார். தலை நடுவுக்கு வரும், உடல்களுக்கு இடையே பழைய இடைவெளி திரும்பும். பாதம் வெளித்திரும்பியே இருக்கும், அடி குட்டையாகும். ஸ்டாண்டர்ட் ஆடியவர் ரம்பாவுக்கு வந்தால் கைகளை விரித்து நிறுத்திவிட்டு, அந்த பிரேமாலேயே துணையைத் திருப்பப் பார்ப்பார். அவளோ தன் காலில் நின்று தானே சுழலக் காத்துக்கொண்டிருப்பாள்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துணையோடு நேருக்கு நேர் நின்று, இருவரும் உள்ளங்கைகளை மட்டும் தோள் உயரத்தில் ஒன்றோடொன்று வையுங்கள், விரல்களைப் பின்ன வேண்டாம். பின்னால் போகிறவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். முன்னே போகிறவர் தன் அடியை நீட்டியும் குறைத்தும், நின்றும் நடக்கட்டும். முழங்கை மடங்காமல் செய்தி போனால் ஸ்டாண்டர்டின் அடிப்படை கிடைத்துவிட்டது. பிறகு ஒரு கையை விட்டுவிட்டு, மிஞ்சிய கையை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, விலகவும் நெருங்கவும் செய்து பாருங்கள். இப்போது கண்ணை மூடியவருக்கு எடை மாறுவதுதான் முதலில் தெரியும், கை அசைவது அதற்குப் பிறகுதான். அது லத்தீன். இரண்டையும் வெறும் தரையில், காலுறையோடு செய்தால் போதும், பாட்டுகூடத் தேவையில்லை.